சகலை கழட்டின நட்டு

உப்பு மேல சத்தியம், தம்பி. இந்தா, ரோட்டோரத்துல அம்பாரம் அம்பாரமாக் குவிஞ்சு கெடக்கே, அதுல ஒரு கல்லு எடுத்து உள்ளங்கையில வச்சிருக்கேன், பாத்துக்கிடும். உப்பைக் கையில வச்சிக்கிட்டுப் பொய் சொன்னவன் நாக்கு கருவாடாக் காஞ்சு போகும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. என் நாக்கைப் பாரும். ஈரமா இருக்கா? கதை முடிஞ்ச பொறவும் பாரும், ஈரமாத்தான் இருக்கும். நான் சொல்லப்போற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சத்தமாவே சொல்லுதேன். அந்தக் கண்டக்டருக்கும் கேக்கட்டும்.

பஸ்ஸு இப்போதைக்கு நகராது. மாத்து டயர் இருக்கு, ஜாக்கி இருக்கு, நட்டுதான் வரமாட்டேங்குது. டிரைவர் ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிக்கான் பாத்தீரா? குதிக்கட்டும். நானும் ஒரு காலத்துல குதிச்சவன்தான். அதுல எனக்கு வருத்தமில்ல. கண்டக்டர் ஒரு வார்த்தை சொன்னான் பாத்தீரா, அதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளா நிக்குது. "சுயம்பு அண்ணாச்சிக்கு போன் போட்டாச்சு, இந்தா வந்துருவாவ. துருப்பிடிச்ச நட்டு அவியளக் கண்டாலே தானா எறங்கிரும்"ங்கான். உடனே நீர் என்னப் பாத்து, "யாரு பெரியவரே அந்த சுயம்பு?"ன்னு கேட்டீரு. இத்தன பேரு எறங்கி நிக்காங்க, கேக்க வேண்டிய ஆளுகிட்ட சரியாக் கேட்டீரு. வாரும், இந்த உடைமரத்து நெழலுக்கு. முள்ளு பாத்து உக்காரும்.

சுயம்புலிங்கம் எனக்கு சகலை. எங்க மாமனாருக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளைய. மூத்தவ மாரிக்கனியை நான் கட்டினேன். எளையவ செந்தூர்க்கனியை அவன் கட்டினான். அப்போ மூத்த மருமவன் யாரு? நான். அவனுக்கு மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே அந்த வீட்டு வெங்கலச் செம்புல தண்ணி குடிச்சவன் நான்.

பொறாமையா? எனக்கா? அவன் மேலயா? நல்லாக் கேட்டீரு வே. பொறாமைப்பட அவன்கிட்ட என்ன இருக்கு? தலைமுடி இருக்கு. இந்த வயசுலயும் கறுப்பா இருக்கு. கவலை இல்லாதவனுக்கு முடி கறுப்பாத்தான் இருக்கும், அது ஒரு பெருமையா? பல்லு இருக்கு. இன்னமும் கரும்பு கடிக்கான். கடிக்கட்டும். நான் அதையெல்லாம் கவனிக்கிறதே இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன். மாமியார் எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல இலை போடுவா. எனக்கும் சோறு, அவனுக்கும் சோறு. எனக்கும் மீன்கொழம்பு, அவனுக்கும் மீன்கொழம்பு. அவன் சோத்தைத் தோண்டினா அடியில அவிச்ச முட்டை இருக்கும். என் சோத்தைத் தோண்டினா அடியில இலை இருக்கும். என்ன அத்தை இதுன்னு ஒரு நாளு கேட்டே புட்டேன். "அவரு வீட்டுக் கோழி போட்ட முட்டை மருமவனே, அவரே கொண்டாந்தாரு"ன்னா. கோழி போட்ட முட்டைதானே? அவனா போட்டான்?

சரி, வண்டிக்கு வாரேன்.

மாமனார் இங்கதான், இதே பக்கத்துல, உப்பளம் வச்சிருந்தாரு. அளத்துல ஒரு பிக்கப் வண்டி. உப்பு மூட்டையைச் சுமந்து சுமந்து, அதுல பெயிண்ட் எது, துரு எதுன்னு பெத்தவனுக்கே தெரியாது. கதவைச் சாத்தினா ஜன்னல் எறங்கும். ஜன்னலை ஏத்தினா ஹாரன் அடிக்கும். மழை வந்தா வண்டிக்குள்ள பெய்ஞ்சு முடிச்ச பொறவுதான் வெளிய பெய்யும். ஆனா எஞ்சின்! "மாமா வாராரு"ன்னு காதுல சொன்னாப் போதும், சாவியே வேண்டாம், எந்திரிச்சு நின்னு உறுமும்.

எங்க மாமனார் குடும்பத்துச் சாமிக்கு வருஷா வருஷம் பங்குனியில கொடைத் திருவிழா. அன்னைக்குப் பொங்கப்பானை, பூமாலை, நேந்துவிட்ட கிடா, எல்லாம் அந்த பிக்கப்புலதான் கோயிலுக்குப் போகும். முன்னால மேளம், பின்னால வண்டி. அதை ஓட்டுறது மூத்த மருமவன். கோயில் வாசல்ல வண்டி நின்னதும், சாமிக்குப் போட்ட மாலைக்கு அடுத்த மாலை வண்டி ஓட்டினவனுக்கு. சாமியாடிக்கே அதுக்குப் பொறவுதான். அது அந்தக் குடும்பத்து வழக்கம்.

உம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? வருஷத்துல மத்த நாளு பூரா என்னை யாரும் ஒரு ஆளா மதிச்சதில்ல. உப்பு லோடு ஏத்துற எடத்துல மேஸ்திரி வேலை எனக்கு. ஏவுறவன் ஒருத்தன், செய்யிறவன் ஒருத்தன், நடுவுல கத்துறவன் நான். ஆனா அந்த ஒரு நாளு, அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு மேளத்துக்குப் பின்னால உருண்டு போறேனே, அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நான் ராஜா. என் பொண்டாட்டியே வாசல்ல நின்னு என்னை நிமிந்து பாப்பா. வீட்டுல அவ என்னை நிமிந்து பாத்ததே இல்ல.

அந்த வருஷம் ஐப்பசியில பிடிச்ச மழை, மார்கழி வரைக்கும் விடல. அளம் பூரா முங்கிப் போச்சு. மேட்டுல நிப்பாட்டின வண்டிக்கே சக்கரம் முட்டத் தண்ணி ஏறும், வடியும், மறுபடி ஏறும். அத்தனையும் உப்புத்தண்ணி. தை பொறந்து தண்ணி வத்தினப்போ போயிப் பாத்தா, நாலு சக்கரமும் பிடிச்சிக்கிட்டு நிக்கு. உள்ளுக்குள்ள பிரேக்கு துருவேறி ஒட்டிக்கிடுச்சு. வண்டி உருளணும்னா சக்கரத்தைக் கழட்டணும். சக்கரத்தைக் கழட்டணும்னா நட்டைக் கழட்டணும். நட்டு எங்கன்னு குனிஞ்சு பாத்தா நட்டைக் காணோம். துரு பொரிஞ்சு பொரிஞ்சு, ஒவ்வொண்ணும் ஒரு அதிரசம் மாதிரி இருக்கு.

மாமனார் இன்னைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு இருந்துட்டாரு. கொடைக்குப் பந்தக்கால் நாட்டின பொறவுதான் அவருக்குச் சூடு பிடிச்சுது. டவுன்லருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்தாரு. அவன் பாத்துட்டு, "கேஸ் வச்சு வெட்டித்தான் எடுக்கணும் மொதலாளி"ன்னான். மாமனார் அவனை அந்த வரப்போடயே திருப்பி அனுப்பிட்டாரு. ஏன்னா, கால் நாட்டிட்டா கொடை முடியிற வரைக்கும் அந்தக் குடும்பத்துல எதையும் வெட்டக்கூடாது. தலைமுடி வெட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, வாழை இலையைக்கூட அடுத்த வீட்டுக்காரன்தான் நறுக்கித் தரணும். கோயில்ல கிடா வெட்டுறதுதான் மொத வெட்டு. அப்படி இருக்க, சாமி சாமான் ஏத்துற வண்டியில போல்ட்டை வெட்ட விடுவாரா?

அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு.

"மருமவனே, வெட்டாம, ஒடிக்காம, எவரு அந்த நட்டைக் கழட்டி வண்டியை உருட்டுதீயளோ, இந்த வருஷம் கொடைக்கு அவரே ஓட்டட்டும்."

நான் குறுக்க விழுந்தேன். "மாமா, மூத்தவன் நான் இருக்கேன்ல?"

"அதான் மொத வாய்ப்பு உங்களுக்கு."

சுயம்பு என்ன செஞ்சான் தெரியுமா? "அண்ணாச்சி செய்யட்டும் மாமா, நான் கூடமாட நிக்கேன்"னான். பாத்தீரா தந்திரத்தை? கூடமாட நிக்கானாம்.

மறுநாளே போனேன். ஸ்பானரை மாட்டினேன். ஆள் ஒசரத்துக்கு ஒரு இரும்புப் பைப்பை அதுல சொருகினேன். சொருகி, பைப்பு நுனியில ஏறி, சாமியைக் கும்பிட்டு, ஒரு குதி குதிச்சேன். பைப்பு வில்லா வளைஞ்சுது தம்பி. அம்பு நான்தான். பக்கத்துப் பாத்தியைத் தாண்டி அதுக்கு அடுத்த பாத்தியில போயி விழுந்தேன். ஸ்பானரு மேல போச்சு. போச்சு, போச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு. நான் எந்திரிச்சு, வேட்டியை அலசி, காயப்போட்டு, எடுத்துக் கட்டி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில போட்ட பொறவுதான் அது கீழ எறங்கிச்சு. விழுந்த சத்தம் இருக்கே, கொழும்புல இருக்கிற என் சித்தப்பா மகன் காதுல கேட்டு, "அண்ணே, ஊருல என்ன வெடிச்சுது?"ன்னு போன் போட்டான். சிரிக்காதியும் வே. கையில உப்பு இருக்கு.

நட்டா? நட்டு இருந்த எடத்துலயேதான் இருந்துச்சு. மூலை எல்லாம் மழுங்கி, மொழுக்குன்னு, கோலிக்குண்டு மாதிரி. இரும்பையே மழுங்க வச்சிருக்கேன்னா என் பலத்தைப் பாத்துக்கிடும். ஆனா அதை யாரு பேசினா? உப்பு வாருற பொம்பளைய எல்லாம் வாயில முந்தானையை வச்சிக்கிட்டு, "மேஸ்திரி பறக்காரு டோய்"ன்னு சிரிக்காளுவ.

சுயம்பு ஓடியாந்தான். "அண்ணாச்சி, எங்கயும் அடி பட்டுச்சா?"ன்னு கேட்டான். கேட்ட வார்த்தை சரிதான். கேட்ட தொனி இருக்கே! ஒருத்தன் விழுந்தா சிரிக்கணும், அது மனுச குணம். இவன் சிரிக்கல. முதுகைத் தடவிக் குடுக்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அவன் முறை.

அவன் குதிக்கல. ஸ்பானரையே தொடல. ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு உக்காந்து, காலையிலருந்து துருவைத் தேய்க்கான். தேய்ச்சு, டீசலும் சுறா எண்ணெயும் கலந்த கலவையைச் சொட்டுச் சொட்டா விடுதான். விட்டுட்டுச் சின்னச் சுத்தியலால டொக்கு டொக்குன்னு தட்டுதான். நான் மழுங்க வச்ச நட்டுக்கு அரம் போட்டு ராவி மறுபடி மூலை எடுத்தான். "மாமா, ராவுறது வெட்டுறதுல சேராதா?"ன்னு கேட்டேன். "சேராது மருமவனே"ன்னாரு. அவனுக்குன்னா சேராது!

நான் வரப்புல நின்னு சத்தங் குடுத்தேன்: "ஏம்வே சுயம்பு, நட்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுதீரா? சீயக்கா வேணும்னா சொல்லும், வீட்டுலருந்து கொண்டாரேன்."

"ஊறட்டும் அண்ணாச்சி. அவசரப்பட்டா போல்ட்டு கழுத்தோட ஒடிஞ்சிரும்"ங்கான். கோவமே வராது பயலுக்கு. கோவம் வராதவனை எப்படி நம்புறது, நீரே சொல்லும்.

முந்தின நாளு என்னைப் பாத்துச் சிரிச்ச அதே பொம்பளைய, அவனுக்கு மோர் ஊத்திக் குடுக்காளுவ. நான் அத்தன பாத்தி தாண்டிப் பறந்தேன், எனக்கு யாரு மோர் குடுத்தா?

மத்தியானம் ஆனா அவன் சோத்துக்குப் போவான். எங்க போவான்? மாமனார் வீட்டுக்கு. முட்டைக்கு! அவன் அங்க சோத்தைத் தோண்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல, பொம்பளையளும் சாப்பாட்டுச் சட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்குப் போயிருவாளுவ. அளத்துக் களத்துல ஈ காக்கா இருக்காது. அப்போ நான் மெதுவாப் போயி, ஸ்பானரையும் பைப்பையும் மாட்டி, ஒவ்வொரு நட்டையும் ஒரு பிடி பிடிப்பேன்.

கழட்டுற பக்கம் இல்ல. முறுக்குற பக்கம்.

ஏன்னு கேளும். பாதுகாப்பு! ஒருத்தன் பாட்டுக்கு எண்ணெயா ஊத்தி ஊத்தி வைக்கான். நட்டு தானா எளகி, சக்கரம் கழண்டு, பக்கத்துல உப்பு வாருற பொம்பளைய மேல உருண்டா யாரு பதில் சொல்லுறது? மேஸ்திரின்னு நான் எதுக்கு இருக்கேன்? என்னது? அசையாத வண்டியில சக்கரம் எப்படித் தானா கழளும்னா? நீர் சின்னப்பிள்ளை. வண்டியைப் பத்தி உமக்கு என்ன தெரியும்.

மொத நாளு ஒண்ணும் அசையல. அடுத்த நாளு, க்ரீச்சுன்னு ஒரு சத்தம். ஒரு நூல், ஒரே ஒரு நூல் அளவு முறுகிச்சு. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! இனிமே இந்தப் பய கடலையே எண்ணெயாக் காய்ச்சி ஊத்தினாலும் வராதுன்னு நெனச்சுக்கிட்டேன். பாதுகாப்பை நெனச்சுத்தான் சொல்லுதேன். அன்னைக்குச் சாயங்காலம் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்குள்ள போறேன், மாரிக்கனி என் மூஞ்சியை ஏற எறங்கப் பாக்கா.

"என்ன, இன்னைக்கு மூஞ்சி இப்படி மலந்து கெடக்கு? யாரு வீட்டுல எழவு?"ன்னா.

கட்டின பொண்டாட்டி பேசுற பேச்சா இது? சரி, விடும்.

பொறவு தினமும் போனேன். ஒரு நட்டு விடல. அவன் காலையில எண்ணெய் விடுவான், தட்டுவான். நான் மத்தியானம் முறுக்குவேன். மறுநாளு அவன் எண்ணெய் விடுவான், நான் முறுக்குவேன். அவனை விட நான்தான் ஒழைச்சேன்னு சொல்லணும். அவன் உக்காந்து செஞ்ச வேலை, நான் நின்னு செஞ்சேன். தோள்பட்டை வீங்கிப் போச்சு.

கொடை செவ்வாய்க்கிழமை. ஞாயித்துக்கிழமை காலையில மாமனார் வந்து களத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. "இன்னைக்குப் பாத்துருவோம் மருமவனே"ன்னாரு. ஊரே கூடிட்டு. நான் ஒரு ஓரமா, மூஞ்சியைச் சோகமா வச்சிக்கிட்டு நின்னேன். ஆறுதல் சொல்லணும்ல? "வருத்தப்படாதியும் வே சுயம்பு, எல்லாருக்கும் எல்லாம் வராது"ன்னு வார்த்தையெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன்.

சுயம்பு ஸ்பானரை மாட்டினான். பைப்புகூட இல்ல தம்பி. வெறுங்கை. ஒரு அழுத்து.

டப்புன்னு ஒரு சத்தம். நட்டு சுத்துது! எளகின பாட்டில் மூடி மாதிரி சுத்துது! அடுத்தது டப்பு. அதுக்கடுத்தது டப்பு. நான் மழுங்க வச்சேனே, அது, நன்றி கெட்ட நட்டு, அது மத்ததை விட வேகமாச் சுத்துது. பொம்பளைய குலவை போடுதாளுவ.

சுயம்பு மட்டும் சிரிக்கல. கழட்டின நட்டைக் கையில வச்சிக்கிட்டு, உள்மரையை வெயில்ல காட்டிப் பாத்தான். போல்ட்டைத் தடவிப் பாத்தான்.

"மாமா, இது என் எண்ணெயால மட்டும் வந்ததில்ல"ன்னான். "இறுகின நட்டை மொதல்ல முறுக்குற பக்கம் ஒரு நூல் அசைக்கணும். அப்போதான் துரு பிடியை விடும், எண்ணெய் உள்ள எறங்கும். எனக்குத் தெரியும். ஆனா ஒடிஞ்சு போயிட்டா சாமிக் குத்தமாயிருமேன்னு பயந்து நான் செய்யல. யாரோ ஒரு புண்ணியவான் தெனமும் வந்து முறுக்கியிருக்காவ."

"யாரு? யாரு?"ன்னு ஊரே ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கு.

நான்! நான்தான் அந்தப் புண்ணியவான்! நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு தம்பி. வாயைத் தொறந்துட்டேன். ஆனா மாமனார் சும்மா விடுவாரா? "எதுக்கு முறுக்குனீய மருமவனே? கழட்டப் போனவன் கழட்டுற பக்கம்லா திருகுவான்?"னு கேப்பாரு. பாதுகாப்புன்னு சொன்னா அந்தக் கூட்டத்துக்குப் புரியுமா? உமக்கே புரியல. அதனால தொறந்த வாயைக் கொட்டாவி மாதிரி ஆக்கி மூடிட்டேன்.

அந்த நேரம் பாத்து உப்பு வாருற கிழவி ஒருத்தி, "மத்தியான வேளையில களத்துல மனுச நடமாட்டமே கெடையாதே. நம்ம சாமிதான் எறங்கி வந்து முறுக்கியிருக்கு"ன்னுட்டா. அவ்வளவுதான். மாமனார் நாற்காலியை விட்டு எந்திரிச்சு, கண்ணுல தண்ணி வர, வண்டியைப் பாத்துக் கும்பிட்டாரு. சாமியே வந்து வேலை செஞ்சிருக்கு! யாருக்காக? சுயம்புக்காக! தோள்பட்டை வீங்கினது எனக்கு. பேரு சாமிக்கு. அருளு சுயம்புக்கு. இது எந்த ஊரு நியாயம்?

பிரேக்கைச் சரி பண்ணி, சக்கரத்தை மாட்டி, அன்னைக்கே வண்டி உருண்டுட்டு. நான் வீட்டுல போயிப் படுத்துட்டேன். கொடைக்கு வரமாட்டேன், வயித்துவலின்னேன். "வயித்துவலி இல்ல, வயித்தெரிச்சல். மோரைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க"ன்னா மாரிக்கனி. ஓட்ட முடியாத கொடைக்கு எதுக்குப் போகணும்? ஆனாலும் போனேன். அவன் எப்படி ஓட்டுறான்னு பாக்கணும்ல.

மேளம் தயார். மாலை, பானை, கிடா எல்லாம் ஏத்தியாச்சு. மாமனார் சாவியைச் சுயம்பு கையில குடுக்காரு. அவன் வாங்கினான். வாங்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்து நிக்கான்.

"மாமா, அண்ணாச்சிதான் ஓட்டணும். அவிய கை படாம இந்த வண்டி உருண்டிருக்காது"ன்னு சொல்லி, சாவியை என் உள்ளங்கையில வைக்கான்.

கூட்டத்துல ஒரு 'ஆ'. "எப்பேர்ப்பட்ட மனசு பாரு"ங்காங்க. யாருக்கு? அவனுக்கு! எனக்கு நியாயமாச் சேர வேண்டியதை எனக்குக் குடுத்தா, மனசு அவனுக்கு!

நான் ஏறி உக்காந்தேன். அவன் ஜன்னல் பக்கமாக் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "அண்ணாச்சி, பைப்புல வெத்தலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. தொடச்சிட்டேன்"னான்.

அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். உப்பளத்துல எல்லாமே வெள்ளை. அதுல எது உப்பு, எது சுண்ணாம்புன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நக்கிப் பாத்திருப்பான் பய! அது சரி, கண்டுபிடிச்சான்ல, மாமனார்கிட்ட சொன்னானா? சொல்லியிருந்தா அவன் நேர்மையான மனுசன். நானும் ஒரு சண்டை போட்டு, நாலு வார்த்தை பேசி, மனசு ஆறியிருப்பேன். தொடச்சிட்டானாம். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல, நான் விசாரிச்சுட்டேன். எவ்வளவு அழுத்தக்காரன் பாரும்.

வண்டியை ஓட்டினேன். முன்னால மேளம். ரெண்டு பக்கமும் ஜனம். ஒருத்தராவது முன்னால இருக்கிற டிரைவரைப் பாக்கணுமே? எல்லாக் கண்ணும் பின்னால. அங்க அவன் கிடாயைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கான். கிடாயும் அவன் தோள்ல தலையைச் சாச்சிக்கிட்டு நிக்கு. கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன். வாசல்ல மாரிக்கனி நின்னா. நான் ஹாரன் அடிச்சேன். அடிக்கல, அது தானா அடிச்சுது. அவ நிமிந்து பாத்தா. பாத்து, "கொழுந்தனாரே, கிடா பத்திரம்!"னு சத்தம் போட்டா.

கோயில் வாசல்ல வண்டியை நிப்பாட்டினேன். மாலை வந்துச்சு. என் கழுத்துல விழுந்துச்சு. ஈரத் துளசி, குளுகுளுன்னு. கண்ணை மூடிட்டேன் தம்பி. அதுக்குத்தானே அத்தன பாடு. கண்ணைத் தொறக்கிறதுக்குள்ள மாமனார், "மருமவனே, விட்டுக்குடுத்த பிள்ளைக்கும் அதை ஒரு தடவை போட்டு எடுங்க. உங்க கையாலயே போடுங்க"ங்காரு.

போட்டேன். என் கையாலயே, என் கழுத்து மாலையைக் கழட்டி, அவன் கழுத்துல போட்டேன். போட்டு எடுங்கன்னுதான் சொன்னாரு. எடுக்க விட்டாத்தானே? ஊரே கையைத் தட்டிட்டு. கை தட்டின பொறவு எவன் எடுப்பான்? அந்த மாலை அவன் வீட்டு ஆணியில காஞ்சு சருகாகுற வரைக்கும் தொங்கிச்சு. போகும்போதெல்லாம் பாத்துட்டுத்தான் வருவேன்.

மாமனார் போயிட்டாரு. வண்டியும் போயிட்டு. ஆனா அன்னையிலருந்து இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் வண்டியில நட்டு இறுகினாலும், கூப்பிடு சுயம்புவை. கவர்மெண்டு பஸ்ஸுக்குக்கூட அவன்தான். சாமி அருள் உள்ள கையாம்!

அந்தா. அந்த மொபெட்டு சத்தம் கேக்கா? அவன்தான். முடியைப் பாரும், எப்படிக் கறுப்பா மின்னுதுன்னு. என் பின்னால மறைஞ்சு பாக்க வேண்டாம், நேரா நின்னே பாரும். டிரைவர் எப்படி ஓடுதான் பாருமே, சம்பந்தி வந்த மாதிரி. உஷ், என்ன சொல்லுதான்னு கேளும்.

கேட்டீரா? கேட்டீரா தம்பி? "மொதல்ல முறுக்குற பக்கம் ஒரு இழுப்பு இழுக்கணும்"ங்கான்! யாரு வித்தை அது? என் வித்தை! "யாரு அண்ணாச்சி இதச் சொல்லித் தந்தா?"ன்னு கண்டக்டர் கேக்கான். கேளும், என்ன சொல்லப்போறான்னு...

"எங்க மூத்த சகலை"ங்கான்.

பாத்தீரா, எப்படிக் குத்துதான்! ஊரறிய, பட்டப்பகல்ல!

ஐயோ, இங்க பாத்துட்டான். கையைக் காட்டுதான். "அண்ணாச்சி! நீங்களும் இந்த பஸ்ஸுலயா? வாங்க, பைப்பை ஒரு கை பிடிங்க. நீங்க பிடிச்சாத்தான் அசையும்!"

இந்தா வாரேன் வே!

கொஞ்சம் கையைக் குடுத்துத் தூக்கி விடும், முட்டி பிடிச்சிக்கிட்டு. போகாம எப்படி? நான் போகாட்டி அந்த நட்டு வராதுன்னு அவனுக்கே தெரியும், பாத்தீர்ல. ஆனா தம்பி, இங்க வாரும், காதைக் கொண்டாரும். முறுக்கினது சாமி இல்ல, மேஸ்திரின்னு ஊரு பூரா சொல்லும். பஸ்ஸுல சொல்லும், டீக்கடையில சொல்லும், கொழும்பு வரைக்கும் போயிச் சொல்லும். யாரு சொன்னான்னு மட்டும் சொல்லிராதியும். விடாமக் கேட்டான்னா, பஸ்ஸுக்கு நின்ன ஒரு கிழவி சொன்னான்னு சொல்லும்.